மகள் ஜர்னலிசம் படிக்கணுமாம்

"ஜர்னலிசம் படிச்சா டிவியில வருவாளாங்க?"

ராமாபுரத்திலிருந்து வந்த அந்த அண்ணன் முதலில் கேட்டது இதைத்தான். மகள் கொள்ளேகாலில் பி.ஏ. முடிக்கப் போகிறாள். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இதழியல் சேரவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாளாம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், செல்போனில் எல்லாமும். அவர் கேட்டது ஒரு கேள்வி. அதற்குள் நாலைந்து கேள்விகள் மறைந்திருந்தன: இது படிப்பா, தொழிலா? சம்பளம் வருமா? பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா? தனியார் கல்லூரியா, கவர்மென்டா? இன்னொரு டீ சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் பேசினோம். அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ராமாபுரம் என்றதும் சென்னைக்காரர்கள் போரூர்ப் பக்கம் போய்விடக் கூடாது. இது ஹனூருக்கு அப்பால், மாதேஸ்வரன் மலைச் சீமையில் இருக்கும் ராமாபுரம். கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது மைசூருக்குப் போனது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானதும் அதோடு சேர்ந்துகொண்டது. பெரியவர்களைக் கேட்டால் இன்னும் மைசூர் ஜில்லா என்றுதான் சொல்வார்கள். வெளியூர்ப் பத்திரிகை வாசகருக்கு இந்த ஊர்ப் பெயர் முதலில் தெரிந்தது 1992 மே மாதத்தில். வீரப்பன் கும்பல் ராமாபுரம் போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கி ஐந்து போலீஸ்காரர்களைக் கொன்றது. அதற்கு முன்பும் அங்கே கம்பும் ராகியும் விளைந்தன, பட்டுப்புழு வளர்த்தார்கள், பிள்ளைகள் பத்தாவது எழுதினார்கள். அதெல்லாம் செய்தியாகவில்லை. இப்படிப்பட்ட ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் பத்திரிகைப் படிப்புக்கு வருவது எனக்குச் சந்தோஷமான சமாச்சாரம். சந்தோஷம் மட்டும் பதிலாகிவிடாதே, அதனால் விஷயத்துக்கு வருவோம்.

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916 ஜூலை 27இல் தொடங்கியது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு நேரடியாக உட்படாத ஒரு சமஸ்தானத்தில் எழுந்த முதல் பல்கலைக்கழகம் இதுதான். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் தொடங்கிவைத்தார். இதழியலை இங்கே கொண்டுவந்தவர் நாடிக் கிருஷ்ணமூர்த்தி. அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து, 1951இல் மகாராஜா கல்லூரியில் இதைப் பாடமாக்கினார். இந்திய இதழியலின் வரலாற்றை அசோகர் காலத்துக் கல்வெட்டிலிருந்து நேரு காலம் வரை ஆங்கிலத்தில் எழுதி, பல்கலைக்கழகத்தின் வெளியீடாக 1966இல் கொண்டுவந்தவரும் அவர்தான். நாட்டில் இதற்கு முன் நடந்த முயற்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்னி பெசன்ட் 1920இல் அடையாற்றில் ஆரம்பித்த வகுப்பு, அலிகரில் 1938, லாகூரில் 1941, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947, கல்கத்தாவில் 1950. வக்கீல் படிப்பும் டாக்டர் படிப்பும் இங்கே நூறு வருஷம் ஓடிய பிறகுதான் பத்திரிகைக்காரருக்கு ஒரு பெஞ்சு போட்டார்கள்.

மிசூரியில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. 1908இல் வால்டர் வில்லியம்ஸ் என்பவர் அங்கே உலகின் முதல் இதழியல் பள்ளியைத் திறந்தார். திறந்த அன்றே, செப்டம்பர் 14ஆம் தேதி, ஒரு பத்திரிகையும் வெளிவந்தது. வகுப்புக்குள்ளேயே சுற்றும் கையெழுத்துப் பத்திரிகை இல்லை. அந்த ஊர் ஜனங்கள் படிக்கும் நிஜமான தினசரி. செய்தி சேகரிப்பது மாணவர்கள், திருத்துவது ஆசிரியர்கள். தப்பாக எழுதினால் மறுநாள் காலை ஊர்க்காரர் ஒருவர் வந்து கதவைத் தட்டுவார். மார்க் குறைவதைவிட அது பெரிய தண்டனை. அந்தப் பத்திரிகை வேறு பெயரில் இன்றும் நடக்கிறது.

அங்கே படித்துவிட்டு வந்தவர்கள் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பத்திரிகையைக் கொண்டுவர முடியவில்லை. அதற்கு அச்சகம் வேண்டும், விளம்பரம் வேண்டும், தினமும் செலவழிக்கப் பணம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவன் எழுதியதால் மந்திரி கோபித்துக்கொண்டால் பயப்படாத துணைவேந்தர் வேண்டும். இந்திய அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த நாலும் ஒரே சமயத்தில் கூடிவருவது அபூர்வம். ஆகவே நமக்குக் கிடைத்தது பயிற்சி இதழ். பருவத்துக்குச் சில தடவை, நாலு பக்கமோ எட்டுப் பக்கமோ, துறைக்குள்ளேயே சுற்றும். அதில் எழுதிப் பழகுவது நல்லதுதான். ஆனால் அதில் வந்த செய்தியைப் படித்துவிட்டு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சண்டைக்கு யாரும் வராத பத்திரிகையில் நிருபருக்குப் பாதிப் பாடம்தான் நடக்கிறது.

"அப்ப படிப்பே வேஸ்ட்டா?" என்றார் அண்ணன். மகள் முறைத்தாள்.

வேஸ்ட் இல்லை. ஆனால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு சேரவேண்டும். படிக்காமலே பெரிய ஆளானவர்கள் இந்த ஊரில் உண்டு. ஆர்.கே. நாராயண் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. படித்தவர். பட்டம் வாங்கிய பிறகு, சென்னையிலிருந்து வந்த நீதிக்கட்சியின் 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபராகக் கொஞ்ச காலம் அலைந்தார். கோர்ட், முனிசிபாலிட்டி, கூட்டம், கொலை என்று தினமும் தெருத்தெருவாகச் செய்தி தேடினார். அச்சான பத்தியின் நீளத்தை அளந்துதான் கூலி. தம்பி ஆர்.கே. லட்சுமணும் அதே கல்லூரிதான். உலகமெல்லாம் சுற்றிப் படம் எடுத்த டி.எஸ். சத்யன், இந்திரா காந்தியின் பத்திரிகை ஆலோசகராக இருந்த எச்.ஒய். சாரதா பிரசாத் இருவரும் மகாராஜா கல்லூரிப் பிள்ளைகள்தான். இதழியல் என்று ஒரு வகுப்பு வருவதற்கு முன்னாலேயே அவர்கள் வெளியே போய்விட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பெரிய கல்லூரி. கூடவே நல்ல நூலகமும், எல்லாச் சாதி, எல்லா மொழிச் சகவாசமும், சண்டை போடுவதற்கு நேரமும்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கப் போகிறவளுக்கு இதழியல் துறை ஒரு வாசல். உள்ளே இருக்கிற சொத்து மற்ற கட்டடங்களில் கிடக்கிறது.

மானசகங்கோத்ரி வளாகத்துக்கு ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். கன்னடக் கவிஞர் குவெம்பு துணைவேந்தராக இருந்த காலத்தில் அவரே பெயர் வைத்த இடம். ஒரு பக்கம் குக்கரஹள்ளி ஏரி. மறு பக்கம் நடந்துகொண்டே போனால் சட்டம், பொருளாதாரம், புள்ளியியல், மானிடவியல், கன்னட ஆய்வு நிறுவனம் என்று துறை துறையாக வரும். வளாகத்துக்குள்ளேயே மத்திய அரசின் இந்திய மொழிகள் நிறுவனம் இருக்கிறது, 1969இலிருந்து. இன்று சென்னையில் இருக்கும் செம்மொழித் தமிழாய்வு நிறுவனம் 2006இல் இங்கேதான் ஒரு மையமாகத் தொடங்கி, 2008இல் சென்னைக்குப் போனது. வளாகத்தை விட்டு ஊருக்குள் வந்தால் கீழைத்தேய ஆய்வு நிறுவனம். தஞ்சாவூர்ப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடிக்குள் அர்த்தசாஸ்திரம் இருப்பதை 1905இல் சாம சாஸ்திரி கண்டது அங்கேதான். 1909இல் அச்சில் கொண்டுவந்தார். தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவும் மைசூரில்தான் இருக்கிறது. ஊட்டியிலிருந்து 1960களில் இங்கே வந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த ஒரு மாணவிக்கு இது வீட்டு வாசலில் கிடக்கும் செய்தி. எத்தனை படிகள், எந்த நிலையில், எது போயிற்று, எது போகவில்லை என்று நேரில் போய்க் கேட்டு எழுத, டெல்லியிலிருந்து ஒருவர் வரவேண்டியதில்லை.

தனியார் கல்லூரியில் கேமரா புதுசாக இருக்கும், ஸ்டூடியோவில் ஏசி இருக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருஷத்தில் அந்தக் கேமரா பழசாகிவிடும். பட்ஜெட் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று பொருளாதாரத் துறை ஆசிரியரிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டது பழசாகாது. அரசுப் பல்கலைக்கழகத்தின் கெட்ட பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கர்நாடகத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் நிரந்தர ஆசிரியர் இடங்கள் நிறையக் காலியாகவே கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் வகுப்பு ஓடுகிறது. தேர்வு தள்ளிப்போகும், ரிசல்ட் தாமதமாகும், ஒரு கையெழுத்துக்கு மூன்று ஜன்னல் ஏறி இறங்க வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் நிருபராகப் போகிறவள் பயந்தால் எப்படி? அந்த மூன்று ஜன்னல்களிலும் யார் எந்தக் கோப்பை எங்கே வைத்திருக்கிறார் என்று கற்றுக்கொள்வதும் பாடம்தான்.

வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று அண்ணன் கேட்டார். செய்தி எழுதுவது, செய்தி திருத்துவது, பத்திரிகை வரலாறு, தொடர்பியல் கோட்பாடு, வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம், மக்கள் தொடர்பு, ஆய்வு முறை, ஊடகச் சட்டம், கடைசியில் ஒரு ஆய்வேடு, நடுவில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் சில வாரப் பயிற்சி. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறும், சரக்கு ஏறக்குறைய இதுதான். இதில் கோட்பாடு என்றதும் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். பாதி பேர் சட்டத்தில் மனப்பாடம் செய்து தப்பிப்பார்கள். என்னைக் கேட்டால் சட்டமும் புள்ளியியலும்தான் மற்ற எதையும்விட முக்கியம். செய்தி எழுதுவதை வேலையில் சேர்ந்தும் கற்றுக்கொள்ளலாம். அவதூறு வழக்கு வந்த பிறகு சட்டம் கற்றுக்கொள்ள முடியாது.

மேலே பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் புரியாது என்று, அண்ணனுக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்தேன். ராமாபுரம் போலீஸ் எல்லைக்குள் இருக்கும் சுளுவாடி. 2018 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை. கிச்சுகுத்தி மாரம்மன் கோயிலில் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். வந்தவர்களுக்குத் தக்காளிச் சாதம் பிரசாதம். சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்துச் சுருண்டார்கள். கொள்ளேகாலுக்கும் அங்கிருந்து மைசூருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. கடைசியில் 17 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணனின் உறவுக்காரர் ஒருவரும் அன்று ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவராம். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றைய முதல் செய்திகளில் உணவு விஷமாகியிருக்கலாம் என்று வந்தது. பிறகு பூச்சிமருந்து கலந்திருந்தது தெரிந்தது. கோயில் நிர்வாகச் சண்டையில் வேண்டுமென்றே கலந்தார்கள் என்று போலீஸ் சொல்லிச் சிலரைக் கைது செய்தது. இப்போது மகளைப் பார்த்துக் கேட்டேன்: அந்த வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு நீ மைசூரில் ஒரு பத்திரிகை ஆபீஸில் இருக்கிறாய். ஐந்தரைக்குப் பக்கம் முடிக்கவேண்டும். என்ன எழுதுவாய்?

"இத்தனை பேர் செத்தாங்கன்னு எழுதுவேன்."

எத்தனை பேர் என்று யார் சொன்னது? மணிக்கு மணி எண் மாறும். ஒரே ஆளைக் கொள்ளேகால் ஆஸ்பத்திரி ஏட்டில் ஒரு மாதிரியும் மைசூர் ஏட்டில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள். அம்மா தமிழில் சொன்ன பெயரை நர்ஸ் கன்னடத்தில் எழுத, கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் ஏற, ஒருவரே இருவராகிவிடுவார். ஆகவே எண்ணோடு ஆளையும் நேரத்தையும் சேர்த்து எழுதவேண்டும்: மாலை ஐந்து மணிக்கு மாவட்ட அதிகாரி சொன்னபடி இத்தனை பேர். கொள்ளேகால் பட்டுக்கூடு மார்க்கெட்டில் கூட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்காமல் ஏலத்தில் விலை சொல்லமாட்டார்கள் இல்லையா, எண்ணும் அப்படித்தான். கெட்டுப்போன சாப்பாடு என்று யார் சொன்னது? டாக்டரா, கூட்டத்தில் நின்ற ஒருவரா? டாக்டர் என்றால் எதைப் பார்த்துச் சொன்னார், பரிசோதனை முடிவு வந்துவிட்டதா? வரவில்லை என்றால் காரணம் தெரியவில்லை என்று எழுதும் தைரியம் வேண்டும். தெரியவில்லை என்று அச்சடிக்க எந்த ஆசிரியருக்கும் பிடிக்காது. அங்கேதான் பழகவேண்டும்.

மறுநாள் இன்னொரு சிக்கல். போலீஸ் கைது செய்தவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள். தீர்ப்பு வரும்வரை குற்றவாளிகள் இல்லை. தலைப்பில் இடம் போதவில்லை என்று "விஷம் வைத்த கும்பல்" என்று போட்டுவிடுவது சுலபம். சட்டப் பாடம் படித்தவளுக்குக் கை கொஞ்சம் நிற்கும். அதற்கடுத்த நாள் சாவு வீடு. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் மைக்கை நீட்டி எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்பதை நாம் எல்லாரும் டிவியில் பார்த்திருக்கிறோம். அந்த ஊரில் பாதிப் பேருக்குத் தமிழ், பாதிப் பேருக்குக் கன்னடம், பலருக்கு இரண்டும். மைசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போகும் நிருபர் ஒரு மொழியோடு போவார். உங்கள் மகள் போனால் திண்ணையில் உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா என்று முதலில் கேட்பாள். அதன்பின் அவர்கள் சொல்வது வேறு செய்தியாக இருக்கும்.

இந்த இடத்தில் வீரப்பன் காலத்துக்கும் கொஞ்சம் போகவேண்டும், ஏனென்றால் வகுப்பில் அது வரும். 2000 ஜூலை 30 இரவு தாளவாடி பக்கம் காஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். 108 நாள் கழித்து நவம்பர் 15இல் விடுதலை. நடுவில் இரண்டு மாநில அரசுகளின் தூதராகக் காட்டுக்குள் போய் வந்தவர்களில் முக்கியமானவர் நக்கீரன் கோபால், ஒரு பத்திரிகை ஆசிரியர். பத்திரிகைக்காரர் தூது போகலாமா? ஓர் உயிர் போகும் என்றால் போகாமல் இருக்கலாமா? வகுப்பில் இதை விட்டால் மணிக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள், அடித்துக்கொள்ளவும் வேண்டும். அவர் போனதில் தப்பில்லை என்பது என் கட்சி. ஆனால் தூது போனவர் அந்தக் கதைக்கு நிருபர் இல்லை, அதன் பாத்திரம். அதை வேறொருவர்தான் எழுதவேண்டும். இதே கோபால்தான் கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடும் உரிமைக்காக உச்சநீதிமன்றம் போனவர். 1994இல் வந்த அந்தத் தீர்ப்பு ராஜகோபால் வழக்கு என்ற பெயரில் இந்தியாவின் எல்லா இதழியல் துறைகளிலும் பாடம். தனிமனித அந்தரங்கம் எங்கே முடிகிறது, பொதுப் பதிவேட்டில் இருப்பதை எழுதும் உரிமை எங்கே தொடங்குகிறது, பத்திரிகை அச்சாவதற்கு முன்பே அதிகாரிகள் தடுக்க முடியுமா என்பதற்கு அதுதான் அடிப்படை. மைசூர் வகுப்பில் உட்கார்ந்து ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்கைப் படிப்பாள்.

இரண்டு மொழி தெரிவது பெரிய சொத்து என்று சும்மா சொன்னால் நம்பமாட்டீர்கள். காவிரியை வைத்துச் சொல்கிறேன். ஜூன், ஜூலை வந்துவிட்டால் மைசூர்ப் பத்திரிகைகளில் தினமும் கே.ஆர்.எஸ். அணையின் மட்டம் வரும். முழு மட்டம் 124.80 அடி. தமிழ்ப் பத்திரிகைகளில் மேட்டூர் மட்டம் வரும். முழு மட்டம் 120 அடி. நடுவில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் தண்ணீரை அளக்கிறது. 2018 பிப்ரவரி 16இல் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி என்று சொன்னது அந்த இடத்துக் கணக்கில்தான். ஒரே நாள் ஒரே தண்ணீர். ஒரு மொழியில் "தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட்டார்கள்" என்று தலைப்பு, இன்னொரு மொழியில் "வரத்து சரிந்தது" என்று தலைப்பு. இரண்டும் பொய் இல்லாமலே இருக்கலாம். அணையிலிருந்து விட்ட கனஅடி வேறு, நடுவில் மழையிலும் ஓடைகளிலும் சேர்ந்தது வேறு, பிலிகுண்டுலுவுக்கு வந்துசேர எடுக்கும் நேரம் வேறு. விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்த நிருபர், இரண்டு பக்கத்து அரசியல்வாதியும் சொல்லும் எண்ணை அந்த நிமிஷமே சரிபார்த்துவிடுவார். மகளுக்கு வீட்டுப் பாடமாக இதையே கொடுத்தேன்: தினமும் ஒரு கன்னடப் பத்திரிகை, ஒரு தமிழ்ப் பத்திரிகை, காவிரிச் செய்தியை வெட்டி ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக ஒட்டு; எண்களுக்குக் கீழே கோடு போடு; யார் சொன்ன எண் என்று ஓரத்தில் எழுது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு கெஜட்டில் வந்ததும் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் தமிழர்கள் அடிபட்டு ஓடியதை அண்ணன் நேரில் பார்த்தவர். ஒரு தலைப்பு எதைக் கொளுத்தும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காடும் அப்படித்தான். 2025 ஜூன் கடைசியில் மாதேஸ்வரன் மலைச் சரணாலயத்தின் ஹூக்யம் வனச்சரகத்தில் தாய்ப்புலி ஒன்றும் நான்கு குட்டிகளும் விஷத்தில் செத்துக் கிடந்தன. தேசமெல்லாம் அது புலிச் செய்தி. ராமாபுரத்துக்காரருக்கு அது மாட்டுச் செய்தியும்கூட: யார் மாடு, யார் மேய்த்தார்கள், நஷ்டஈடு வந்ததா, தமிழ்நாட்டிலிருந்து வரும் பட்டிமாடுகள் எத்தனை. இந்தப் பாதியை எழுத ஆள் குறைவு.

வகுப்பில் கிடைக்காத அந்த மிசூரிப் பாதிக்கு என்ன செய்வது? ஊரில் பத்திரிகைகள் இருக்கின்றன. 'ஸ்டார் ஆஃப் மைசூர்' 1978இலிருந்து மாலையில் ஆங்கிலத்தில் வருகிறது. கூடப்பிறந்த கன்னட இதழ் 'மைசூரு மித்ர'. 'ஆந்தோளன' இருக்கிறது. 1970இல் தொடங்கிய 'சுதர்மா' சமஸ்கிருதத்தில் தினமும் வருகிறது, அதுவும் மைசூர்தான். எம். வெங்கடகிருஷ்ணையா என்ற தாத்தய்யா, 1908இல் சமஸ்தானம் பத்திரிகைகளுக்குக் கொண்டுவந்த கெடுபிடிச் சட்டத்தை எதிர்த்துத் தன் பத்திரிகைகளையே மூடிவிட்ட ஊர் இது. மனோதத்துவப் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935இல் தன் வீட்டில் ஒரு வானொலி நிலையம் வைத்து அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்ட ஊரும் இதுதான். முதல் பருவத்திலேயே ஏதாவது ஓர் ஆபீஸுக்குப் போய் நிற்கவேண்டும். சம்பளம் கேட்க வேண்டாம். ஆனால் பெயர் போடாமல் வருஷக்கணக்கில் வேலை வாங்கினால் நிற்கவும் வேண்டாம். முனிசிபல் கூட்டம், தண்ணீர் லாரி, தசரா ஏற்பாடு, எது கொடுத்தாலும் எழுத வேண்டும். வகுப்பு முடியும்போது கையில் மார்க் ஷீட்டோடு அச்சான செய்திகளின் கட்டு ஒன்றும் இருக்கவேண்டும். வேலைக்குக் கூப்பிடுகிறவர் முதலில் பார்ப்பது அந்தக் கட்டைத்தான்.

சம்பளம். இதில் பொய் சொல்ல மாட்டேன். மாவட்டத்து நிருபர்களில் பலருக்குச் செய்திக்கு இவ்வளவு என்றுதான் பணம். உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் என்று 1955இலேயே ஒன்று வந்தது. ஒப்பந்த வேலைகள் பெருகிய பிறகு அதன் நிழலில் நின்றவர்கள் குறைந்துபோனார்கள். டிவி வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ரெண்டே வருஷத்தில் களைத்துப் போகிறார்கள். ஆனால் இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு போகும் வழிகள் பத்திரிகையோடு நிற்பதில்லை. மாநில அரசின் செய்தித் துறை இருக்கிறது, ஆகாசவாணி இருக்கிறது, நெட் தேர்வு எழுதினால் கல்லூரி ஆசிரியர் வேலை இருக்கிறது. பொய்ச் செய்திகளைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் பல மொழிகளில் ஆள் தேடுகின்றன. பெங்களூரில் தமிழ்ப் பத்திரிகைகளும் நடக்கின்றன. 'தினத்தந்தி'க்கு அங்கே பதிப்பு உண்டு, 'தினச்சுடர்' அங்கேயே பிறந்தது. கன்னடக் கோப்பைப் படித்துத் தமிழில் எழுதத் தெரிந்தவர் அங்கே எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள்.

"தமிழ்நாட்டுலயே படிச்சா?" என்று மகள் கேட்டாள். படிக்கலாம். கோவையில் பாரதியார், சேலத்தில் பெரியார், மதுரை காமராசர், சென்னை எல்லாவற்றிலும் துறை இருக்கிறது. ஆனால் அங்கே நீ வெளிமாநிலக்காரி. கட்டணச் சலுகையும் ஒதுக்கீடும் இங்கே கிடைப்பதுபோல் கிடைக்காது. தமிழை நன்றாக எழுதப் பழகுவதற்கு அங்கே போகத் தேவையில்லை. தினமும் ஒரு பக்கம் எழுது, யாரிடமாவது சிவப்பு மையில் திருத்தச் சொல்.

பட்டப்படிப்பு மூன்று வருஷமா நான்கா என்று கர்நாடகத்தில் சில வருஷம் குழப்பம் இருந்தது. 2021இல் நான்காக்கினார்கள், 2024இல் மறுபடி மூன்றுக்கே வந்துவிட்டார்கள். அதனால் எம்.ஏ. இரண்டு வருஷம் என்ற பழைய கணக்கு இவளுக்குச் சரியாக இருக்கும். தேர்வை எந்த மொழியில் எழுதலாம், பி.ஏ.வில் இதழியல் ஒரு பாடமாக இல்லாதவர்களுக்கு எத்தனை இடம் என்ற இரண்டையும் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதிக்கொள்ளச் சொன்னேன். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் பழசாக இருந்தால் ராமாபுரத்து நாட கச்சேரியில், அதாவது வருவாய் அலுவலகத்தில், இப்போதே விண்ணப்பம் போடவேண்டும். சேர்க்கை அறிவிப்பு வந்த பிறகு போனால் அங்கே வரிசை ரோடு வரை நிற்கும். ஹாஸ்டல் விண்ணப்பமும் ஸ்காலர்ஷிப்பும் அந்த இரண்டு காகிதத்தைத்தான் முதலில் கேட்கும்.